எங்கள் சேமலாப நிதியும் எங்கள் மலைச்சரிவும்: ஓய்வூதியச் சேமிப்பைக் காலநிலைக்குப் பயன்படுத்த முடியுமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது, மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நேரடிச் சேதம் சுமார் 4.1 பில்லியன் டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. மண்சரிவுக்குள் அகப்பட்ட லயன்களும் உடைந்த பாதைகளும் எப்போது சரிசெய்யப்படும் என்ற கேள்விக்கு, அரசிடம் காசு இல்லை என்ற பதில்தான் எப்போதும் போல் முதலில் வருகிறது.

ஆனால் இந்த நாட்டில் ஒரு பெரிய காசு இருக்கிறது. அது தொழிலாளரின் காசு. ஊழியர் சேமலாப நிதியத்தின் சொத்து இன்று 4 டிரில்லியன் ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அதாவது 4 இலட்சம் கோடி. இலங்கையில் இதைவிடப் பெரிய ஓய்வுகால நிதியம் வேறு இல்லை.

ஓய்வுகாலச் சேமிப்புக்கு அரசு தரும் வரிச்சலுகைகளையும் ஊக்குவிப்புகளையும் காலநிலை நோக்கத்துக்குத் திருப்ப முடியுமா என்ற விவாதம் உலகின் பல நாடுகளில் நடக்கிறது. இங்கேயும் அது வரும். வரும்போது, அந்தக் காசுக்குச் சொந்தக்காரரான தோட்டத் தொழிலாளியும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் கடைச் சிப்பந்தியும் என்ன கேட்க வேண்டும் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நம் காசு எப்படிச் சேர்கிறது?

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநர் பங்காக 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம். இதை முழுக்கத் தொழில்தருநரே கட்ட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2026 வரவு செலவுத் திட்டம் பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்கவும், அதன்மேல் அரசின் வருகை ஊக்கத்தொகையாக 200 ரூபாய் சேர்க்கவும் முன்மொழிந்தது. அடிப்படையை மட்டும் வைத்து, மாதம் 25 நாள் வேலை என்று கொண்டால் சம்பளம் 38,750 ரூபாய். அதில் தொழிலாளி பங்கு 3,100. கம்பனி பங்கு 4,650. மொத்தம் 7,750 ரூபாய் மாதாமாதம் நிதியத்துக்குப் போக வேண்டும்.

இது அரச ஊழியருக்குக் கிடைப்பது போன்ற மாதாந்தப் பென்சன் அல்ல. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் ஒரே தொகையாக எடுக்கும் சேமிப்பு. மகளின் கல்யாணம், பழைய கடன், வைத்தியச் செலவு என்று அந்தத் தொகை வந்த வேகத்தில் போய்விடுவதை எங்கள் தோட்டங்களில் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

சேர்ந்த காசு எங்கே இருக்கிறது? நிதியத்தை மத்திய வங்கி முகாமை செய்கிறது. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அரசாங்கப் பிணையங்களில், அதாவது திறைசேரி முறிகளிலும் உண்டியல்களிலும் முதலிடப்பட்டிருக்கிறது. எளிமையாகச் சொன்னால், தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கடனில் பாதை போடலாம், அணை கட்டலாம், நிலக்கரி வாங்கலாம், சம்பளம் கொடுக்கலாம். எதற்குப் போகிறது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

ஓய்வூதியச் சேமிப்பைக் காலநிலையோடு இணைக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நிதியத்துக்கே கட்டளை இடுவது. நோர்வேயின் அரச ஓய்வூதிய நிதியம் எண்ணெய் வருமானத்தில் உருவானது. வருமானத்தில் கணிசமான பங்கை நிலக்கரியிலிருந்து பெறும் கம்பனிகளிலிருந்து அந்த நிதியம் வெளியேற வேண்டும் என்று நோர்வே நாடாளுமன்றம் 2015இல் முடிவெடுத்தது. அங்கே வாழும் எங்கள் உறவுகள் கட்டும் வரியும் அந்த அரசுக்கே போகிறது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, சலுகையைக் கொடுத்து, அதோடு ஒரு கடமையையும் சேர்ப்பது. பிரித்தானியாவில் வேலை செய்வோர் தாமாகவே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார்கள். 2019இலிருந்து குறைந்தபட்சப் பங்களிப்பு சம்பளத்தில் 8 வீதம். அதில் ஒரு பகுதி வரிச்சலுகையாக அரசிடமிருந்து வருகிறது. 2021ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டச் சட்டத்துக்குப் பிறகு, பெரிய நிதியங்கள் தங்கள் முதலீடுகளுக்குக் காலநிலையால் வரக்கூடிய ஆபத்தைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். இலண்டனில் கடையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்யும் தமிழர் பலருடைய காசை வைத்திருக்கும் நெஸ்ட் நிதியம், 2050க்குள் தன் முதலீடுகளின் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவதாக 2020இல் அறிவித்தது.

மூன்றாவது, உறுப்பினரே கேள்வி கேட்பது. அவுஸ்திரேலியாவில் ரெஸ்ட் என்ற நிதியத்தின் இளம் உறுப்பினர் ஒருவர், காலநிலை ஆபத்தை நிதியம் எப்படிக் கையாள்கிறது என்று தனக்குச் சொல்லவில்லை என வழக்குத் தொடர்ந்தார். 2020 நவம்பரில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. காலநிலை மாற்றம் ஒரு நிதி ஆபத்து என்பதை நிதியம் ஏற்றுக்கொண்டு, 2050 இலக்கையும் அறிவித்தது.

இந்த வாக்குறுதிகள் கல்லில் செதுக்கியவை அல்ல. கனடா ஓய்வூதியத் திட்டத்தின் காசை முதலிடும் நிறுவனம் 2050 இலக்கை ஏற்றிருந்து, 2025 மே மாதத்தில் அதைக் கைவிட்டது. சட்டமாக இல்லாத உறுதிமொழியைக் காற்று மாறும்போது விட்டுவிடலாம்.

நாங்கள் ஏற்கனவே பார்த்த பாடம்

ஓய்வூதிய வரியைக் கொள்கைக் கருவியாகப் பயன்படுத்துவது இலங்கைக்குப் புதிது என்று யாராவது சொன்னால், 2023ஐ நினைவூட்ட வேண்டும்.

பொருளாதார நெருக்கடிக்குப் பின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்கள் கையிலிருந்த பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதிய முறிகளைப் பெற வேண்டும் என்று கேட்கப்பட்டது. புதியவற்றுக்கு ஆரம்ப ஆண்டுகளில் 12 வீத வட்டி, பின்னர் 9 வீதம். மாற்றாவிட்டால், அதுவரை 14 வீதமாக இருந்த வரி, திறைசேரி முறி வருமானத்தில் 30 வீதமாக உயரும் என்றார்கள். நிதியம் மாற்றிக்கொண்டது. வங்கிகளின் முறிகள் இதில் தொடப்படவில்லை. சுமை தொழிலாளரின் நிதியங்கள் மீது ஏற்றப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 14க்கும் 30க்கும் இடைப்பட்ட வரி வித்தியாசம் ஒன்றே, நாட்டின் மிகப் பெரிய சேமிப்பை ஒரு சில வாரங்களில் திசைதிருப்பப் போதுமாக இருந்தது. கடனை அடைக்க அந்தக் கைப்பிடியைத் திருகலாம் என்றால், காலநிலைக்காகவும் திருகலாம். உதாரணமாக, மண்சரிவு அபாயப் பகுதிகளில் இருப்போருக்கான வீடுகளுக்கோ சூரிய மின்சாரத்துக்கோ ஒதுக்கப்பட்ட பசுமை முறிகளிலிருந்து வரும் வருமானத்துக்கு 14க்கும் குறைவான வரி என்று சட்டம் செய்தால், நிதியம் தன் விருப்பத்திலேயே அந்தப் பக்கம் போகும். 2023இல் பிரம்பைக் காட்டினார்கள். இங்கே கரும்பைக் காட்டலாம்.

பசுமை முறி என்றால் என்ன? சாதாரண முறி போலவே வட்டியும் முதலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் திரட்டிய காசை எதற்குச் செலவிட்டோம் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். இந்திய அரசு 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் தலா 8,000 கோடி ரூபாய்க்குப் பசுமை முறிகளை விற்றது. இலங்கையில் மத்திய வங்கி 2022இல் எந்தத் தொழில் பசுமையானது என்று வகைப்படுத்தும் ஆவணம் ஒன்றை வெளியிட்டது. 2024இல் டிஎப்சிசி வங்கி 2.5 பில்லியன் ரூபாய்க்கு நாட்டின் முதலாவது பசுமை முறியைக் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. ஆக, சட்டியும் அடுப்பும் ஓரளவு தயார்.

வட்டி குறைந்தால் யார் தாங்குவது?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். பசுமை முறிக்குச் சில நேரங்களில் சாதாரண முறியைவிடக் குறைந்த வட்டியே கிடைக்கும். நல்ல காரியம் என்பதற்காக முதலீட்டாளர் அதை ஏற்றுக்கொள்வார்கள். வசதியானவருக்கு அது பெரிய விடயம் இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு?

சேமலாப நிதியம் 2022க்கு 9 வீத வட்டி கொடுத்தது. 2023க்கு 13 வீதம். 2024க்கு 11 வீதம். கணக்கில் 10 இலட்சம் ரூபாய் வைத்திருப்பவருக்கு 9 வீதத்தில் ஆண்டுக்கு 90,000 கிடைக்கும். 13 வீதத்தில் 130,000. வித்தியாசம் 40,000 ரூபாய். அவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதனால் வட்டியில் வரும் குறைவை வரிச்சலுகை ஈடுசெய்ய வேண்டும். ஈடுசெய்யாத எந்தப் பசுமைத் திட்டமும், காற்றை மாசாக்காதவரிடம் மாசுக்கு அபராதம் வாங்குவதாகவே முடியும்.

இன்னொரு ஆபத்து, நல்ல பெயரில் நடக்கும் தவறான முதலீடு. கொழும்பில் ஹயாத் ஹோட்டலைக் கட்டிய கன்வில் நிறுவனத்தில் சேமலாப நிதியத்தின் 5 பில்லியன் ரூபாய் போடப்பட்ட கதையை நாடு மறக்கவில்லை. 2015, 2016 காலத்தின் முறி மோசடி பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவிலும் இந்த நிதியத்தின் பெயர் அடிபட்டது. அபிவிருத்தி என்ற சொல் அன்று செய்த வேலையை நாளை பசுமை என்ற சொல் செய்யலாம்.

மாத்தளையிலிருந்து பார்க்கும்போது

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த விடயத்தைப் பேசத் தொடங்கினால், பெரியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி காலநிலை பற்றியதே இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, பிடிச்ச காச மொதல்ல ஒழுங்கா கட்டுறாங்களா?" என்பதுதான்.

கேள்வி நியாயமானது. ஜனவசம எனப்படும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எங்கள் மாவட்டத்தின் எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகிய அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள் கட்டாமல் விட்ட சேமலாப நிதி நிலுவை, பாராளுமன்றக் குழுக்களில் பலமுறை பேசப்பட்ட விடயம். கட்டாத காசுக்கு எந்த வரிச்சலுகையும் பயன் தராது. எனவே பசுமைச் சலுகை கேட்கும் எந்தத் தொழில்தருநரும் முதலில் நிலுவை இல்லை என்று காட்ட வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே நிபந்தனையாக்கலாம்.

இரண்டாவது சிக்கல் காணி. 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், உறுப்பினர் ஓய்வுக்கு முன்பே சேமிப்பில் 30 வீதத்தை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்க வழி செய்தது. பத்து ஆண்டு பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாயும் இருக்க வேண்டும். காலநிலைக்கு ஏற்ற மாற்றம் ஒன்றை உடனடியாகச் செய்ய இதைவிட நல்ல கதவு இல்லை. தாங்குசுவர், பலமான கூரை, சூரியப் படல்கள், மழைநீர்த் தாங்கி, அபாயமில்லாத இடத்தில் புதிய வீடு ஆகியவற்றுக்கும் இந்த 30 வீதத்தை எடுக்கலாம் என்று சேர்த்தால் போதும்.

ஆனால் வீட்டுக்கென்று கேட்டால் காணி ஆவணம் வேண்டும். லயன் அறையில் நான்கு தலைமுறையாக இருப்பவரிடம் உறுதி இல்லை. மண்சரிவுச் சரிவில் இருக்கிறார், கணக்கில் காசு இருக்கிறது, ஆனால் அந்தக் காசை எடுத்துப் பாதுகாப்பான இடத்துக்குப் போக அவருக்கு வழி இல்லை. கூரைச் சூரிய மின்சாரத்திலும் இதே கதைதான். 2016இல் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது, வலையமைப்புக்கு விற்கும் ஓர் அலகுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாய் கிடைத்தது. அதைப் பெற்றவர்கள் சொந்தக் கூரை உள்ளவர்கள். லயன் கூரை கம்பனியுடையது.

எனவே மலையகத்தைப் பொறுத்தவரை காணி உரிமையே முதலாவது காலநிலைக் கொள்கை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று அடையாளமிட்ட இடத்தில் இருப்பவருக்கு மாற்றுக் காணியும் உறுதியும் கொடுத்தால், அவருடைய சேமிப்பே வீட்டின் ஒரு பங்கைத் தாங்கும்.

தோட்டத்துக்கு வெளியே, கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து மரக்கறி விவசாயிக்கும் மிளகு வைத்திருப்பவருக்கும் சேமலாப நிதியே இல்லை. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தது. பங்களிப்பு குறைவு, வாக்களித்த தொகை அதிகம் என்பதால் நிதி வற்றி, இடையில் கொடுப்பனவு நின்றது. 2014இல் திறைசேரிப் பணத்தில் மீண்டும் தொடங்கியது. சலுகை கொடுப்பதற்கு முன் கணக்கு நிற்குமா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் பாடம். மறுபக்கம், மண்ணரிப்பைத் தடுக்கும், நிழல்மரம் வைக்கும் விவசாயியின் பங்களிப்போடு அரசும் ஒரு பங்கு சேர்த்துக் கட்டினால், ஓய்வூதியமும் மலைமண்ணும் ஒன்றாகக் காப்பாற்றப்படும்.

வடக்கு கிழக்குக்கு இதில் என்ன?

மாத்தளையும் வன்னியும் தூரத்து ஊர்கள் அல்ல. 1977, 1983 வன்செயல்களில் மாத்தளை உள்ளிட்ட மலையகப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. அவர்களில் பலர் உடுத்த உடையோடு போனவர்கள். தோட்டத்தில் பிடித்த சேமலாப நிதி என்னவானது என்று தேட அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை, துணிவும் இருக்கவில்லை. பின்னர் போர் அவர்களை மறுபடியும் இடம்பெயர்த்தது. காங்கேசன்துறை சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனை காகித ஆலை என்று வேலையிடங்களே இல்லாமல் போன தொழிலாளர்களும் இருக்கிறார்கள். உரிமை கோரப்படாத ஒவ்வொரு கணக்கும் நிதியத்துக்குள்ளேயே இருந்து அரசாங்கத்துக்குக் கடனாகிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரும் எங்களை இணைக்கிறது. 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் நீரை வடக்கு நோக்கிக் கொண்டுபோவதற்கான கால்வாய்த் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. மழை ஒரு வருடம் கொட்டி மறுவருடம் ஏமாற்றும் காலத்தில், இப்படியான வேலைகளுக்கே நீண்டகாலக் காசு தேவை.

ஆனால் பசுமை என்று பெயர் வைத்த எல்லாமே மக்களுக்கு நல்லது என்று நம்ப முடியாது. மன்னாரில் 2020இல் 100 மெகாவாட் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. அதன்பின் வந்த புதிய காற்றாலைத் திட்டங்களுக்கு எதிராக 2025இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, பறவைகள், காணி என்று அவர்களுடைய கேள்விகள் தெளிவானவை. அதானி நிறுவனம் அதே ஆண்டு பெப்ரவரியில் மன்னார், பூநகரித் திட்டத்திலிருந்து விலகியது. மாத்தளைத் தொழிலாளியின் சேமிப்பு மன்னார் மீனவரின் விருப்பத்துக்கு மாறான திட்டத்துக்குப் போகுமானால், ஒரு ஏழையின் காசால் இன்னொரு ஏழையை நகர்த்துவதாகிவிடும். ஊர் மக்களின் சம்மதம் என்ற நிபந்தனை இல்லாத பசுமை முறியை நிதியம் வாங்கக்கூடாது.

என்ன கேட்க வேண்டும்?

இந்த விவாதம் பாராளுமன்றத்துக்கு வரும்போது நாங்கள் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, நிதியத்தை நடத்தும் இடத்தில் உறுப்பினரின் பிரதிநிதிக்கு ஆசனம். இரண்டு, வரிச்சலுகையின் பயன் கம்பனிக்குப் போகாமல் உறுப்பினரின் கணக்கில் வட்டியாக விழுவதற்கு உத்தரவாதம். மூன்று, 30 வீத மீளப்பெறலில் காலநிலைப் பாதுகாப்பைச் சேர்ப்பதோடு, லயன் குடும்பங்களுக்குக் காணி உறுதி. நான்கு, நிதியம் எந்தத் திட்டத்துக்குக் காசு கொடுத்தது என்ற கணக்கு தமிழிலும் வெளிவருவது.

அதுவரை ஒவ்வொருவரும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தேசிய அடையாள அட்டையோடு அருகிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பெயரிலோ இறந்துபோன பெற்றோரின் பெயரிலோ சேமலாப நிதிக் கணக்கு இருக்கிறதா, கடைசியாக எந்த மாதம் காசு கட்டப்பட்டது என்று விசாரியுங்கள். பழைய தோட்டப் பதிவு, சம்பளத் துண்டு, உறுப்பினர் இலக்கம் எழுதிய கடதாசி எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். அது எந்த நல்ல காரியத்துக்குப் போக வேண்டும் என்று பேசும் உரிமை, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கே முதலில் கிடைக்கும்.